ஒரு பாட்டில், ஒன்பது மாதம்

என் மைத்துனன் நல்லவன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு வீட்டில் நாலு நாளைக்கு எனக்கு மோர்கூடக் கிடைக்காது. ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருகிறவன்தான். ஆனால் 2018 ஆவணியில் ஒரு சனிக்கிழமை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு நர்ஸ் அவன் கையில் கொடுத்த சின்ன பிளாஸ்டிக் பாட்டில், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் எனக்கு என்னென்ன போயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காரைக்குடியில் எனக்கு மரப்பட்டறை. பதினாலு வயதில் அப்பாவுக்கு உப்புத்தாள் தேய்த்துக் கொடுக்க உட்கார்ந்தவன். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கழியும் பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் எங்களிடம் வரும். பழைய பாலிஷைச் சுரண்டி, மெஷின் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கிக் கொடுப்போம். ஒரு சீவலை மூக்கருகே கொண்டுபோனால் போதும், பர்மாத் தேக்கா, நிலம்பூர்த் தேக்கா, தேக்கு என்று சொல்லித் தலையில் கட்டின வேறு ஏதாவதா என்று சொல்லிவிடுவேன். இதில் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். முகத்தில் துணி கட்டியதே இல்லை. மரத்தூள் விபூதி மாதிரி என்பார் அப்பா.

அந்த வருஷம் பங்குனியில் வலது மூக்கு அடைத்தது. வலது மட்டும். காலையில் முகம் கழுவும்போது சளியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு வரும். நாலைந்து மாதம் மிளகு, துளசி, ஆவி என்று ஓட்டினேன். பிறகு பக்கத்து ஊரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் போனேன். பெயரை எழுத மாட்டேன், அது அவருக்கு விளம்பரமாகிவிடும். சி.டி. ஸ்கேன் எடுத்தார். "மூக்குல சதை வளர்ந்திருக்கு. எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

அலர்ஜியில் வரும் சாதாரண மூக்குச் சதை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் அடைத்து, ரத்தமும் கசிந்தால் யோசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பாடப் புத்தகத்திலேயே இருக்கிற சங்கதியாம். ஒரு பக்கம் வருவதெல்லாம் புற்று என்று நான் பயமுறுத்தவில்லை. பூஞ்சையாக இருக்கலாம், கெடுதல் இல்லாத கட்டியாக இருக்கலாம், மேல் கடைவாய்ப் பல்லிலிருந்து ஏறிய சீழாகவும் இருக்கலாம். ஆனால் மொத்தமாக வழித்தெடுப்பதற்கு முன்னால் ஒரு துளி கிள்ளிப் பார்த்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்திருக்கலாம். சி.டி.யில் தேங்கின சளியும் கட்டியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், எம்.ஆர்.ஐ.யில்தான் இரண்டும் தனித்தனியாகப் பிரியும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வேறு ஒரு மருத்துவர், ஒன்பது மாதம் கழித்து.

இப்போது பாட்டில். நான் மயக்கத்தில் கிடந்தபோது நடந்தது இது. ஆகவே என் மனைவி, மைத்துனன், அன்று வராண்டாவில் இருந்த வார்டு ஆயா என்று மூன்று பேரிடமும் தனித்தனியாக விசாரித்து எழுதுகிறேன். போலீஸ்காரர்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். மத்தியானம் ஒரு மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, "அட்டெண்டர் யாரு? இதை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற லேப்ல குடுத்துடுங்க" என்று பாட்டிலையும் ஒரு சீட்டையும் நீட்டியிருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் உடம்பிலிருந்து எடுத்ததை லேப்புக்குச் சுமந்து போவது நோயாளியின் சொந்தக்காரர் வேலைதான். என் மனைவி லேப்புக்கு என்று 1200 ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறாள். இவன் பாட்டிலை மொபெட்டின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பப் போகும்போது மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "பயப்பட ஒண்ணுமில்ல, சாதாரண சதைதான்" என்றிருக்கிறார்.

பாட்டிலைத் தொலைத்தது அந்த வார்த்தைதான் என்பேன். நாலு மாதம் பயந்து கிடந்த குடும்பத்துக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்தால் பிறகு லேப் எதற்கு என்று தோன்றாதா? சனிக்கிழமை மத்தியானம், லேப் மூடியிருந்தது என்கிறான் மைத்துனன். மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை அவன் மகளுக்குக் காதுகுத்து, குன்றக்குடியில். செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், மூச்சும் நன்றாக வந்தது. பத்தாம் நாள் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் மூக்கைப் பார்த்தார், சுத்தம் பண்ணினார், ரிப்போர்ட் எங்கே என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மைத்துனன் தரப்பு வக்கீலாக என் மனைவி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே வரி: திசுப் பரிசோதனை முடிவு வர வேண்டியிருக்கிறது. அந்தச் சீட்டை மடித்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தோம். 2019 வைகாசியில் மறுபடி அடைப்பு, இந்த முறை கண்ணிலும் நீர். பி.ஃபார்ம் படித்த என் மகள் விடுமுறைக்கு வந்தவள், பழைய காகிதங்களை எடுத்துப் படித்துவிட்டு, "அப்பா, பயாப்சி ரிப்போர்ட் எங்கே?" என்றாள். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. மைத்துனனுக்குப் போன் போட்டோம். மொபெட்டைத் தேவகோட்டைக்காரர் ஒருவருக்கு விற்று நாலு மாதம் ஆகியிருந்தது. "பாட்டில் பெட்டியிலேயே இருந்திருக்கும் அத்தான்" என்றான். தேவகோட்டைக்காரர் அதை என்னவென்று நினைத்து எங்கே எறிந்தாரோ. அந்த 1200 ரூபாயும் இன்னும் திரும்பி வரவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆக, என் பங்குக்கு நான் சொல்வது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு: மூக்கிலிருந்து எதை எடுத்தாலும், மிளகு அளவு எடுத்தாலும், அது லேப்புக்குப் போக வேண்டும், அதன் முடிவு காகிதமாக உங்கள் கைக்கு வர வேண்டும், அதில் உங்கள் பெயர் சரியாக இருக்க வேண்டும். பாட்டிலை நீங்களோ உங்கள் மனைவியோ மகளோ கொண்டுபோங்கள். காதுகுத்து வைத்திருப்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு சென்னை. எம்.ஆர்.ஐ., பயாப்சி, உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன், இதெல்லாம் எல்லோருக்கும் நடக்கிற காரியம். எங்கள் சின்னம்மா மகள் வீடு குரோம்பேட்டையில் இருக்கிறது, அங்கே தங்கினோம். உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருக்கும், கூச்சப்படாமல் போய் இறங்குங்கள்.

சென்னை ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன தொழில் பண்றீங்க?" தச்சு வேலை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூக்கின் மேல்பகுதியில், இரண்டு கண்ணுக்கும் நடுவே தேன்கூடு மாதிரி இருக்கும் எத்மாய்டு சைனஸில் எனக்கு வந்திருந்தது அடினோகார்சினோமா என்கிற வகை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குடலில் வரும் புற்று மாதிரியே இருக்குமாம். மூக்கு, சைனஸ் புற்றுகளே அரிது, தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரைதான். அதிலும் இந்த வகை, மரவேலைக்காரர்களைத் தேடி வருகிறது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று நாற்காலி செய்கிற ஊர் ஒன்று. அங்கே 1960-களில் எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற பெண் மருத்துவர், தன்னிடம் வரும் மூக்குப் புற்றுக்காரர்களில் இத்தனை பேர் எப்படித் தச்சர்களாக இருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டின் மெக்பெத், அச்சிசன் ஆகியோரோடு சேர்ந்து அதை எழுதிப் பதிப்பித்தார். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூளைப் புற்றுக் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. தூள் உள்ளே போக ஆரம்பித்து முப்பது நாற்பது வருஷம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். பதினாலும் முப்பத்தெட்டும் ஐம்பத்திரண்டு, அதுதான் என் வயது. கணக்கு எனக்குச் சரியாகவே வந்தது. ஹை விக்கம் தச்சனுக்குத் தெரிந்த விஷயம் காரைக்குடித் தச்சனுக்கு வந்து சேர ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என் அப்பாவின் விபூதியைக் குறை சொல்லி இனி என்ன ஆகப்போகிறது?

மூக்குக்கும் மூளைக்கும் நடுவே சல்லடைக்கண் மாதிரி ஒரு எலும்புத் தகடு இருக்கிறது. மோப்ப நரம்புகள் அந்தக் கண்கள் வழியாகத்தான் மூளைக்கு ஏறுகின்றன. என் கட்டி அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டிருந்தது. அதனால் மூன்றாம் நிலை என்று எழுதினார்கள். மூக்குக்குள்ளேயே இருந்திருந்தால் ஒன்றோ இரண்டோ என்று போட்டிருப்பார்கள். 2018 ஆவணியில் அது எங்கே இருந்தது? நான் எத்தனை முறை கேட்டும் மருத்துவர் ஒரே பதில்தான் சொன்னார்: "அந்தப் பாட்டில் இருந்தால் சொல்லலாம்." தகடு தப்பியிருக்கும் என்பது என் கட்சி. தப்பியிருக்காது என்று யாராவது நிரூபிக்கட்டும்.

முதல் ஆபரேஷன் இன்னொரு விதத்திலும் கெடுதல் செய்தது. கட்டி எந்த இடத்தில் வேர் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த வேரடியைச் சுற்றி நல்ல திசுவோடு சேர்த்து எடுப்பதுதான் இந்த வைத்தியத்தின் உயிர்நாடி. யாரோ ஒருவர் உள்ளே போய்க் கலைத்துவிட்டு வந்த மூக்கில் வேரடியைத் தேடுவது, ஏற்கெனவே இழைப்புளி ஓட்டின பலகையில் பழைய ரம்பத் தடத்தைத் தேடுவது மாதிரி. இந்த உவமை நான் சொன்னது. மருத்துவர் சிரித்து ஒத்துக்கொண்டார்.

எப்படி அறுப்பது என்பதில் வீட்டில் பெரிய சண்டை. சென்னைக்குப் போவதற்கு முன் பார்த்த ஒருவர், மூக்கின் ஓரமாக முகத்தைக் கீறி, நெற்றி எலும்பையும் திறக்க வேண்டும் என்றிருந்தார். சென்னையில், மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு, மூளை நரம்பு அறுவை மருத்துவரும் பக்கத்தில் நின்று, தகட்டையும் அதன் மேல் உறையையும் எடுத்துவிட்டு மூடலாம் என்றார்கள். முகத்தில் தழும்பு இல்லாமல் புற்று எப்படிப் போகும், ஏமாற்றுகிறார்கள் என்று என் அண்ணன் அடித்துச் சொன்னார். கத்தி பட்டால் பரவும், கொல்லிமலையில் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னவரும் அவரேதான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் மூக்கு வழியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு ஜோடி பர்மாத் தூண்களை விற்றேன், அதற்கும் அண்ணன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சரியான ஆளுக்குச் சரியான கட்டியில் செய்தால் மூக்கு வழி அறுவையின் பலன் முகத்தைத் திறந்து செய்வதற்குக் குறைவதில்லை. நான் சரியான ஆள். அவ்வளவுதான்.

எல்லோரும் அப்படி இல்லை என்பதைப் பக்கத்துப் படுக்கையில் பார்த்தேன். தூத்துக்குடிக்காரர். அவருக்குக் கன்னத்து சைனஸில். மேல் கடைவாய்ப் பல் ஆடியிருக்கிறது, பல் மருத்துவர் பிடுங்கியிருக்கிறார், பிடுங்கின குழி ஆறவே இல்லை, கன்னம் மரத்துப்போயிருக்கிறது. அவருக்கு மேல்தாடையில் பாதியை எடுத்தார்கள். அண்ணத்தில் வைத்துக்கொள்ளப் பல்செட் மாதிரி ஒரு மூடி செய்து கொடுத்திருந்தார்கள், அதைக் கழற்றினால் குடிக்கிற டீ மூக்கு வழியாக வரும், பேச்சும் குகைக்குள்ளிருந்து வருவது மாதிரி வரும். ஒரு இளம் டாக்டர் அவர் ஃபைல் அட்டையில் ஒரு முகம் வரைந்து, கண்ணின் உள்மூலையிலிருந்து தாடைக் கோணம் வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினார். ஓன்கிரென் என்ற ஸ்வீடன்காரர் 1930-களில் சொன்ன கோடு. கோட்டுக்கு முன்னால், கீழே இருந்தால் தேறுவது சுலபம், பின்னால், மேலே இருந்தால் கண்ணும் மூளையும் பக்கம் என்பதால் கஷ்டம். தூத்துக்குடிக்காரருக்குக் கோட்டுக்கு முன்னால். "நான் லக்கி" என்றார், டீ ஒழுகாமல் மூடியை விரலால் அழுத்திக்கொண்டு.

ஆபரேஷன் பதினோரு மணி நேரம். எனக்கு எதுவும் தெரியாது. தொடையிலிருந்து எடுத்த சவ்வையும், மூக்கின் நடுச்சுவரிலிருந்து ரத்த ஓட்டத்தோடு திருப்பிப் போட்ட உள்தோலையும் வைத்து மூளையின் அடியை மூடியிருந்தார்கள். மூக்கைச் சிந்தாதே, கனம் தூக்காதே, முக்காதே, தும்மினால் வாயைத் திறந்து தும்மு என்றார்கள். மூக்கில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த மறுநாள், செருப்பைத் தேடிக் குனிந்தேன், வலது துவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர். நாக்கில் பட்டது, உப்புக் கரித்தது. சளி பிசுபிசுக்கும், இது பிசுபிசுக்கவில்லை. மூளையைச் சுற்றி இருக்கும் நீர். ஒரு பாட்டிலில் பிடிக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் குனிந்தபடியே பிடித்தேன். "நான் போய்க் குடுத்துட்டு வர்றேன் அத்தான்" என்று கை நீட்டினான் மைத்துனன். நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். முதுகில் ஒரு குழாய் வைத்து, ஐந்து நாள் அசையாமல் படுக்க வைத்ததில் நின்றது. வீட்டுக்கு வந்தபிறகு அப்படிச் சொட்டினால், அதோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது மூளைக்காய்ச்சலுக்குச் செல்லாது.

பிறகு கதிர்வீச்சு, முகத்துக்கு வலைமூடி போட்டு முப்பது தடவை, ஆறு வாரம். பல்லை முன்கூட்டியே காட்டிச் சரி பண்ணிக்கொள்ளுங்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை, வாய் புண்ணாகும், ஆறும்.

ஆபரேஷனில் எடுத்த கட்டியின் திசு முடிவு வந்த அன்று மகள் படித்தாள். வெட்டின ஓரங்களில் புற்று இல்லை. "இந்த ஒரு வரிதான்பா" என்றாள். எத்தனை சதவீதம் பிழைப்பேன் என்று நானும் எல்லோரையும் போல அரித்துக்கொண்டிருந்தேன். அவள் பழைய கட்டுரை ஒன்றைக் காட்டினாள்: 2003-ல் வந்தது, 17 மருத்துவமனைகள், 1307 நோயாளிகள், எல்லோருக்கும் முகம், மண்டை இரண்டையும் திறந்து செய்த அறுவை. ஐந்து வருஷம் கழித்து இருந்தவர்கள் 54 சதவீதம். அறுவையை ஒட்டியே போனவர்கள் நூற்றுக்கு நாலு பேர். மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல். ஆனால் அந்த 54-க்குள் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்: என்ன வகை, மூளைக்குள் ஏறியதா, ஓரம் சுத்தமா, இந்த மூன்றையும் பொறுத்து. எங்கள் வார்டில் ஒரு கல்லூரிப் பையனுக்கு மோப்ப நரம்பிலேயே வரும் கட்டி. அந்த வகையில் பத்தில் ஏழெட்டுப் பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். மூக்கில் மெலனோமா வந்தால் மூன்றில் ஒருவர், நாலில் ஒருவர்தான். ஒரே வார்டு, ஒரே கத்தி. ஆகவே சதவீதம் கேட்பதற்கு முன்னால் வகையின் பெயரைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திசுவை இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியின் பேதாலஜிஸ்டிடம் மறுபடி காட்டுங்கள், இந்த அரிய வகைகளில் பெயர் மாறிப்போவது உண்டு. இப்படி மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று அறுவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். இதையெல்லாம் படித்துச் சொல்ல இப்போது எல்லார் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கிறது.

வாசம் போயிற்று. இரண்டு பக்கமும், முழுசாக. தகட்டை எடுத்தால் மோப்ப நரம்பும் போகும் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். சொன்னபோது உயிர்தான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது ரசம் எனக்கு உப்பும் புளிப்பும் உறைப்பும் உள்ள வெந்நீர். கேஸ் கசிந்தால் தெரியாது என்பதால் அடுப்படியில் ஒரு அலாரம் மாட்டியிருக்கிறோம். ஊசிப்போன சாம்பாரை ஒருநாள் ருசித்துச் சாப்பிட்டேன். மூக்குக்குள் பொருக்குக் கட்டும், கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் உப்புப் போட்டுத் தினம் இரண்டு வேளை கழுவ வேண்டும். ஒருநாள் விட்டால் நாறும், அதுவும் மனைவி சொல்லித்தான் தெரியும். பட்டறைக்கு மரம் வந்தால் சீவலை எடுத்துப் பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோகிறேன். பிறகு தலைப்பக்கத்தை நனைத்து, வளையத்தைப் பார்த்து, கையில் எடை பார்த்துச் சொல்கிறேன். போன தையில் முதல் தடவையாகத் தப்பாகச் சொன்னேன். பையன்கள் காட்டிக்கொள்ளவில்லை.

தூசி உறிஞ்சும் மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறேன். முகமூடி போடாதவனுக்கு அன்றைய சம்பளத்தில் ஐம்பது ரூபாய் பிடித்தம். டீ வந்ததும் எல்லோரும் கழுத்துக்கு இறக்கிவிடுகிறார்கள், டீ முடிந்த பிறகும் அங்கேயே கிடக்கிறது.

ஆறு வருஷம் ஆகிறது. ஐந்து முடிந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். இந்த வகை அதற்குப் பிறகும் வரும், வருஷத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றுவிட்டார்கள். அடுத்த வாரம் போகிறேன். ஸ்டேஷன் வரை புது வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான் மைத்துனன். முன்பக்கம் பெரிய பெட்டி வைத்த வண்டி. "ஃபைலை இதுல வச்சிருங்க அத்தான், தாராளமா இடம் இருக்கு" என்று திறந்து காட்டினான். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டேன்.